நடுவில் எண்பது பக்கம்

'கறுப்புக் குடை' மாதம் ஒரு மர்ம நாவல் வெளியிட்டது. தொண்ணூற்றாறு பக்கம். கையடக்க அளவு. முதுகில் இரண்டு கம்பிப் பின்.

பெயருக்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. அச்சகத்தில் ஒரு குடைக் கடை விளம்பரத்தின் பழைய பிளாக் கிடந்தது. புதிதாகப் படம் செய்வானேன் என்று அதையே அட்டையில் வைத்தார்கள். படத்துக்கு ஏற்றபடி பெயரும் வந்தது.

மூன்று பேர் நடத்தினார்கள். ஆசிரியர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன். ஆசிரியர் அச்சகத்தையும் விளம்பரங்களையும் பார்த்துக்கொண்டார். அண்ணன் எழுதினார். அவள் பிழை திருத்தினாள்.

எழுதும் முறை தலைகீழானது. பின் அடிக்கும் புத்தகத்தில், முதல் எட்டுப் பக்கங்களும் கடைசி எட்டுப் பக்கங்களும் ஒரே வெளித்தாளில் இருக்கும். விளம்பரங்களும் அதில்தான். அதனால் வெளித்தாளை முதலில் அச்சடித்துக் காயவைப்பார்கள். ஐந்தாம் தேதி அண்ணன் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்துவிட வேண்டும். யார் செத்தார், யார் கொன்றார். நடுவில் உள்ள எண்பது பக்கத்தைப் பதினெட்டாம் தேதிக்குள் எழுதுவார். எட்டாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பி, எண்பத்தொன்பதாம் பக்கத்தின் தலையில் இருக்கும் மீதி வாக்கியத்தில் போய் இறங்க வேண்டும். ஒரு வரி கூடக்கூடாது. ஒரு வரி குறையக்கூடாது.

இந்த இரண்டு இடங்களுக்கும் ஒட்டு என்று பெயர். ஒட்டுப் பார்ப்பது அவள் வேலை.

"கொன்னது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டே எழுதுறது எப்படிண்ணா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"கணக்குப் புத்தகத்துல பின்பக்கம் விடையைப் பாத்துட்ட மாதிரி. ஆனா வழி எழுதலைன்னா மார்க் கிடையாது."

முதல் தேதி காலையில் பேருந்து நிலையக் கடைகளில் புத்தகம் கயிற்றில் தொங்கும். ஊரில் அப்போது ஒன்பது மர்ம மாத இதழ்கள் இருந்தன. ஒன்பதும் ஒரே கயிற்றில். முடிதிருத்தும் கடையில் முறை வந்தும் எழுந்திருக்காமல், "நீங்க உக்காருங்க, எனக்கு இன்னும் நாலு பக்கம் இருக்கு" என்பார்கள். நடத்துநர் பைக்குள் ஒன்று. பாடப் புத்தகத்துக்குள் ஒன்று. நூலகப் பிரதியின் முதல் பக்கத்தில் யாரோ கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதிவைப்பார். நூலகர் அழிப்பார். அடுத்த மாதமும் எழுதியிருக்கும். அந்த ஆள் யார் என்பதைக் கடைசிவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவளுடைய மேசை அச்சகத்தின் ஜன்னலோரம் இருந்தது. ஈரத் தாளில் எடுத்த புரூஃப் வரும். விரலில் மை ஒட்டும். நூற்றுப் பதினோரு இதழ்கள் பார்த்தாள். ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: 'அறுபத்து நான்காம் இதழில் ஒரு பிழைகூட இல்லை. தேடி ஏமாந்தேன்.' அதை இன்னும் வைத்திருக்கிறாள்.

நூற்றுப் பன்னிரண்டாம் இதழ் வெளிவரவில்லை.

அந்த நாவலின் பெயர் 'ஒன்பதாவது பொத்தான்'. கொன்றவர் ஒரு தையல்காரர். தொண்ணூற்றைந்தாம் பக்கத்தில் அவருக்கு விலங்கு மாட்டுகிறார்கள். அண்ணன் வழக்கம்போல் ஐந்தாம் தேதி கொடுத்தார். அவள் ஆறாம் தேதி புரூஃப் பார்த்தாள். ஏழாம் தேதி அவளுக்குக் காய்ச்சல். அன்றைக்குக் கடைசிப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. ஊரிலேயே பெரிய தையல் கடை. முழுப் பக்கம். 'உங்கள் அளவு எங்களுக்குத் தெரியும்.'

ஆசிரியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் தையல்காரருக்கு விலங்கு. அந்தப் பக்கம் உங்கள் அளவு எங்களுக்குத் தெரியும். அண்ணன் வீட்டில் தொலைபேசி கிடையாது. இயந்திரம் காத்திருந்தது. ஆசிரியர் தையல்காரரைத் தபால்காரர் ஆக்கினார். எழுத்துக் கோப்பவருக்கும் வசதி. அதே இடைவெளியில் அடங்கியது, எந்த வரியையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை. மொத்தம் பதினோரு இடம். மாலைக்குள் எட்டாயிரம் தாள் அச்சாகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி அண்ணன் நடுவில் நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அடுக்கிலிருந்து ஒரு வெளித்தாளை உருவி நின்றபடியே படித்தார்.

"மாப்ளே, யாரு இந்தத் தபால்காரரு?"

"அது ஒண்ணுமில்ல மச்சான். சின்ன மாத்தம். விளம்பரத்துக்காக."

"நான் சாக்கட்டி வெச்சிருக்கேன். அளவு டேப் வெச்சிருக்கேன். கத்தரிக்கோல் வெச்சிருக்கேன். தபால்காரன் எதுக்குய்யா அதையெல்லாம் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையுறான்?"

"நடுவுலதானே வருது. நீங்க நினைச்சா அஞ்சு நிமிஷம்."

"தலைப்பே பொத்தான்யா!"

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அட்டை வேறு அச்சகத்தில் அச்சாகி, கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு பெரிய பொத்தான். தலைப்பு அவருக்கு மறந்தே போயிருந்தது.

"தபால்காரர் சட்டையிலயும் பொத்தான் இருக்குமே மச்சான்" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் நாற்பது பக்கத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டார். "நூத்திப் பதினோரு தடவை முடிவை முதல்ல உன் கையில கொடுத்தேன். எவனாவது கொடுப்பானா?"

படியிறங்கிப் போனார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் நிற்பார் என்று நினைத்தாள். நிற்கவில்லை.

வேறு இரண்டு எழுத்தாளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். பாதி வாக்கியத்திலிருந்து பாதி வாக்கியத்துக்கு எழுத அவர்களுக்கு வரவில்லை. மாதம் ஒன்று போனது. இரண்டு போனது. வீடுகளில் தொலைக்காட்சி வந்துவிட்டிருந்தது. பேருந்து நிலையக் கயிற்றில் ஒன்பது ஏழாகி, நாலாகி, பிறகு கயிறே போய்விட்டது. அங்கே இப்போது சிப்ஸ் பாக்கெட்டுகள் தொங்குகின்றன.

எட்டாயிரம் வெளித்தாள்களும் ஓர் இரும்புக் கடைக்குப் போயின. ஆணி மடித்துக் கொடுத்தார்கள். ஒருநாள் ஒரு தச்சர் அச்சகத்தின் விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் கசங்கிய தாள்.

"ஆரம்பம் இருக்கு. முடிவு இருக்கு. நடுவுல என்ன சார் ஆச்சு?"

"நடுவுல ஒண்ணும் ஆகலைங்க" என்றார் ஆசிரியர்.

முப்பத்தொரு வருடங்கள்.

அண்ணன் நாலு பேருந்து நிறுத்தம் தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். அவள் வெள்ளிக்கிழமைதோறும் போனாள். துணிகளை மடித்துவைப்பாள். மருந்து டப்பாவைப் பார்ப்பாள்.

"உன் வீட்டுக்காரன் உயிரோடதான் இருக்கானா?"

"இருக்கார்."

"சரி."

வீட்டுக்கு வந்ததும் ஆசிரியர் செய்தித்தாளைத் தாழ்த்தாமல் கேட்பார். "எழுத்தாளர் எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

"ம்."

அவள் மகள் கல்யாணத்தன்று அண்ணன் மண்டபத்துக்கு எதிரே, சைக்கிள் கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணன் ஒருமுறை தன் வீட்டுக்குள் வர வேண்டும். அவருக்கு எழுபத்தொன்பது. ஆசிரியருக்கு எழுபத்தாறு. நாள் நிறைய இல்லை.

ஆடி மாதம் ஒரு தொலைபேசி வந்தது. ஒரு பதிப்பகத்துப் பெண். பழைய மர்ம இதழ்களைத் தொகுதிகளாக மறுபதிப்புச் செய்கிறார்கள். 'கறுப்புக் குடை' நூற்றுப் பதினொன்றும் அவர்களிடம் இருந்தன.

"நூத்திப் பதினொண்ணுல அடுத்த மாசம் 'ஒன்பதாவது பொத்தான்'னு அறிவிப்பு இருக்கு. அந்த இதழ் எங்கயும் கிடைக்கலைம்மா."

"அது வரலை."

"எழுதலையா?"

"முன்னாடியும் பின்னாடியும் எழுதினாங்க."

அந்தப் பெண் அதை முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கடைசித் தொகுதியில் அதுதான் முதலில் வரும் என்றாள்.

வெள்ளிக்கிழமை அண்ணனிடம் சொன்னாள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். நாற்பது பக்கமும், அன்று அவர் உருவிய வெளித்தாளும் இருந்தன. ஓரம் மட்டும் பழுத்திருந்தது.

"மீதியை எழுதிடலாம். உன் வீட்டுக்காரனைத் தையல்காரர்னு திருத்தச் சொல்லு. பதினோரு இடம்."

ஆசிரியரிடம் சொன்னாள்.

"முடியாது" என்றார் ஆசிரியர். "அச்சானது அச்சானதுதான். கோவிச்சுக்கிட்டுப் போனது அவரு. நான் போகச் சொல்லலை."

"ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதான். அவரும் ஒரு வார்த்தைதானேன்னு விட்டிருக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோனாள். அண்ணன் கோபப்படவில்லை. மூக்கால் சிரித்தார்.

"முடியாதாமா? சரி. தபால்காரனே கொலைகாரனா இருந்துட்டுப் போகட்டும். அதையும் எழுதிக் காட்டுறேன். அவன்கிட்ட மூச்சு விடாத."

எண்பது பக்கத்தையும் புதிதாக எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்துப் பக்கம், பதினைந்து பக்கம் ஆயத்தமாக இருக்கும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துத் திருத்துவாள். மூன்றாவது வாரம் கதவைத் திறக்கும்போதே அவர் முகம் வேறாக இருந்தது.

"பார்சல்!" என்றார்.

"என்ன பார்சல்?"

"அந்தக் காலத்துல பார்சலைத் துணியில வெச்சுத் தைப்பாங்கல்ல? ஊர்ல பாதிப் பேருக்குத் தைக்கத் தெரியாது. தபால்காரன் தைச்சுக் கொடுக்குறான். ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் பையிலயே இருக்கு. சாக்கட்டி எதுக்கு? விலாசத்துக்கு முதல்ல கோடு போட. டேப் எதுக்கு? பார்சல் நீளம் அளக்க. எல்லாம் பொருந்துது. முப்பத்தொரு வருஷமா தோணலை பாரு."

"நல்லா இருக்குண்ணா."

"நல்லா இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு. உன் வீட்டுக்காரன் பண்ணினது சரின்னு ஆயிடும்."

அவள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இது போன மாசத்தோட முடிஞ்சிடுச்சு" என்று குப்பையில் போட்டாள்.

"அந்தப் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாம எப்படித்தான் படிக்கிறியோ" என்றார் அண்ணன்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. மதியம் அவள் துணி உலர்த்திவிட்டு வந்தாள். ஆசிரியர் அலமாரியின் அடித்தட்டைக் காலிசெய்து தரையில் பரப்பியிருந்தார். தட்டில் விரித்திருந்த பழைய தாள்களுக்கும் அடியில் ஒரு வெளித்தாள் இருந்தது. எட்டாயிரத்தில் ஒன்று. வைத்திருக்கிறார் என்று அவளுக்கே தெரியாது.

அவர் மேசையில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலால் திருத்தினார். ஒவ்வொரு தபால்காரரையும் அடித்து, ஓரத்தில் தையல்காரர் என்று எழுதினார். பதினோரு இடம். எண்ணிப் பார்த்தார்.

"இதை அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடு" என்றார். "அவர்கிட்டயும் சொல்லிடு."

"என்னன்னு?"

"தையல்காரர்தான்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

வெள்ளிக்கிழமை பேருந்தில் அந்தத் தாள் அவள் மடியில் இருந்தது. இதைச் சொன்னால் அண்ணன் சந்தோஷப்படுவார். "ம், வந்தானா வழிக்கு" என்பார். பழைய நாற்பது பக்கத்தை எடுத்துக்கொண்டு, மீதி நாற்பதை எழுதி, அவளிடமே கொடுத்துவிடுவார். புத்தகம் வரும். ஒரு பிரதி இந்த வீட்டிலும் ஒரு பிரதி அந்த வீட்டிலும் இருக்கும். அவள் வெள்ளிக்கிழமை போவாள், வருவாள். இருக்கார். இருக்கார். சரி. ம்.

அண்ணன் வீட்டு நிறுத்தத்தில் இறங்கினாள். தாளை மடித்துப் பையின் அடியில் வைத்தாள். அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் கொடுத்த பன்னிரண்டு பக்கத்தைத் திருத்திவிட்டு வந்தாள். ஆசிரியரிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. 'எப்படி இருக்கார்' என்பதற்கு மேல் கேட்பது அவர் வழக்கமில்லை.

ஐப்பசியில் எண்பது பக்கமும் முடிந்தன. அவள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டாள். ஒட்டுப் பார்த்தாள். எட்டாம் பக்கத்தின் பாதி வாக்கியம் ஒன்பதாம் பக்கத்தில் சரியாகச் சேர்ந்தது. எண்பத்தொன்பதாம் பக்கம், 'என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கதவு திறந்தது' என்று தொடங்கும். அதற்கு முந்தைய வரியை அண்ணன் எண்பத்தெட்டின் கடைசியில் வைத்திருந்தார். அதுவும் சேர்ந்தது. ஒரு வரி கூடவில்லை, குறையவில்லை. கொலைகாரர் மட்டும் சேரவில்லை. நடுவில் எண்பது பக்கமும் தபால்காரரைத் துரத்திக்கொண்டு போய், முடிவில் தையல்காரரைப் பிடித்தார்கள்.

பதிப்பகத்துப் பெண் கேட்டாள். "பிழை பாத்தாச்சாம்மா?"

"பாத்தாச்சு."

நூற்றுப் பதினோரு இதழ்களில் அவள் அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொன்னதில்லை. உறையை ஒட்டி, ஓரத்தை மறுபடி ஒருமுறை அழுத்தினாள்.

ஒன்பது நாள் ஆயிற்று. காலை பத்து மணி. ஆசிரியரின் போன் அடித்தது. அவள் முற்றத்தில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னது?" என்றார் ஆசிரியர் உள்ளே. "தபால்காரரா? ...எண்பது பக்கமுமா? ...அவர்கிட்ட கேட்டீங்களா? என்ன சொன்னாரு? ...வெச்சிட்டாரா?"

போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார்.

"நீ உங்க அண்ணன்கிட்ட சொல்லவே இல்லையா?"

"சொல்லணும்னுதான்—"

கேட் திறந்தது.

அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"மாப்ளே! மறுபடியும் மாத்திட்டியா?"

"மாத்தலை மச்சான். திருப்பி வெச்சேன். நீங்கதானே கேட்டீங்க?"

"முடியாதுன்னியே!"

"அது அப்போ!"

"அப்போன்னா? எனக்கு எப்படித் தெரியும்? அவன் பார்சல் தைச்சுக்கிட்டு இருக்கான். ஊசியோட வர்றான். இப்பப் போய்த் தையல்காரரைப் பிடிச்சா படிக்கிறவன் என்னைத் தேடி வந்து அடிப்பான்."

"பார்சலா?"

"ஆமாய்யா, பார்சல்."

ஆசிரியர் அப்படியே நின்றார். அவள் அந்த முகத்தைப் பார்த்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. முதல் வாசகரின் முகம்.

"துணி பார்சல்" என்றார் மெதுவாக. "ஓ. அப்போ சாக்கட்டி?"

"விலாசத்துக்குக் கோடு."

"டேப்பு?"

"நீளம்."

"பொத்தான்?"

"அதைச் சொல்ல மாட்டேன். படிச்சுக்கோ."

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பிரமாதம் மச்சான். தபால்காரரே இருக்கட்டும். நான் இன்னொரு தடவை திருத்திடறேன்."

"வேணாம் வேணாம். தையல்காரர்தான் மொதல்ல நினைச்சது. நீ சிவப்புல திருத்தினதை அந்தப் பொண்ணு போட்டோ எடுத்து அனுப்பிச்சா. பாத்தேன்." சற்று நின்றார். "உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு."

"உங்களுது மட்டும்? எழுத்துக் கோக்கறவர் அழுவாரு."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். அவள் வாளியைக் கையில் வைத்திருந்தாள்.

"நான் எழுதினதை நீதானே படிச்சே?"

"ஆமாண்ணா."

"இவன் திருத்தினதையும் பாத்தே."

"பாத்தேன்."

"பதினோரு இடம். கண்ணுல படலையா?"

"வயசாச்சேண்ணா. கண்ணு மங்கிடுச்சு."

அண்ணன் அவளையே பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் கதைக்குள் ஒரு முடிச்சு அவிழும்போது அவர் பேனாவை இப்படித்தான் பாதியில் நிறுத்துவார். அவள் வாளியைப் பார்த்தாள்.

அவர் வாசலுக்குத் திரும்பிப் போனார். போகப்போகிறார் என்று நினைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஆசிரியரின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார். உள்ளே வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, குத்தவாளி யாருன்னு தெரிஞ்சிடுச்சு."

"யாரு? தபால்காரரா, தையல்காரரா?"

"அவசரப்படாத. நடுவுல எண்பது பக்கம் இருக்கு."

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தம்ளர்களை எடுத்தாள். இரண்டு எப்போதும் வெளியிலேயே இருப்பவை. மூன்றாவது மேல்தட்டில் இருந்தது. தூசியாக இருந்தது. கழுவினாள்.